நன்னம்பிக்கை முனையில் ஓர் உஸ்தாத்

ஊர் விட்டு ஊர் சென்று ஓதிக்கொடுக்கும் ஆலிம்களின் பாடு நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. பேச்சு வழக்கு வேறு, சாப்பாடு வேறு, பழக்கவழக்கம் வேறு என்றிருக்கும் ஊரில் போய் உட்கார்ந்து, பிறர் பிள்ளைகளுக்கு அலிஃப், பே, தே சொல்லிக்கொடுத்து, தம் பிள்ளைகளின் முகத்தை வருடத்திற்கொரு முறை கண்டு திரும்புகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! மலேயாவிற்கும் பர்மாவிற்கும் இலங்கைக்கும் சென்ற நம் முன்னோர்களைப் பற்றி அவ்வப்போது எழுதப்பட்டு வருகிறது. இம்மாதம் அதைவிடத் தொலைவு சென்ற ஓர் உஸ்தாதின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அன்னாரின் பெயர் ஸய்யித் அபூபக்கர் எஃபந்தி (ரஹ்). எஃபந்தி என்பது துருக்கியர் கற்றறிந்தவர்களுக்கு வழங்கும் மரியாதைப் பெயர். நாம் ஹஜ்ரத் என்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். துருக்கியிலும் தென்னாப்பிரிக்காவிலும் நன்கறியப்பட்ட இப்பெரியார் நம் பக்கத்தில் அதிகம் பேசப்பட்டதில்லை.

அன்னார் 1814-ஆம் ஆண்டில் குர்து மக்கள் வாழும் ஷஹ்ரஸூர் பகுதியில் பிறந்தார்கள். அந்த இடம் அன்று உதுமானிய ஸல்தனத்தின் ஆட்சியில் இருந்தது; இன்று இராக்கில் இருக்கிறது. கல்வி கற்று, அர்ஸுரூம் நகரில் ஓதிக்கொடுக்கும் பணியில் இருந்தார்கள். குர்துகளில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் என்பதையும், உதுமானிய அரசின் நீதிமன்றங்களிலும் மதரஸாக்களிலும் ஹனஃபி மத்ஹபே கோலோச்சியது என்பதையும் வாசகர்கள் இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் செய்திக்கு இது தேவைப்படும்.

இனி அவர்கள் சென்ற நாட்டைப் பற்றிச் சிறிது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனைக்கு அருகே கேப் டவுன் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அதைப் பிடித்துக் குடியேறினர். வேலைக்கு ஆள் வேண்டுமே! ஜாவா, மக்காஸர் முதலிய கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். ஆம், நம் தமிழ்க் கரையிலிருந்தும் கொண்டுபோகப்பட்டவர்கள் உண்டு. தங்களை எதிர்த்த அரச குடும்பத்தாரையும் உலமாக்களையும் அங்கேயே நாடு கடத்தினர். மக்காஸர் ஷைகு யூஸுஃப் (ரஹ்) அவர்கள் முதலில் இலங்கையில் சிறை வைக்கப்பட்டு, அங்கிருந்து 1694-இல் கேப்புக்கு அனுப்பப்பட்டவர்களே. தீதோர் தீவின் இளவரசர் அப்துல்லாஹ் காழி அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் 1780-இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டார்கள். மக்கள் அவர்களைத் துவான் குரு என்று அழைத்தனர். ராபன் தீவின் சிறையில் இருந்தபோது குர்ஆன் ஷரீஃபை மனப்பாடத்திலிருந்தே எழுதி முடித்தவர்கள் அவர்கள். கேப்பின் முதல் மதரஸாவும் முதல் பள்ளிவாசலும் அவர்களுடைய முயற்சியே. டார்ப் தெருவில் அந்தப் பள்ளிவாசல் எழுந்த இடம் கோரிடோன் என்ற விடுதலை பெற்ற அடிமையின் குடும்பத்துச் சொத்து. அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த ஊர்ப்பெயர் எது தெரியுமா? சிலோன்!

1804 வரை அங்கே பகிரங்கமாகத் தொழக்கூட அனுமதி இல்லை. அடிமைமுறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பயிற்சி என்ற பெயரில் இன்னும் நான்கு ஆண்டுகள் பழைய எஜமானனிடமே உழைக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் தீனை விடாமல் காத்த சமுதாயம் அது. தையற்காரர், கொத்தனார், தச்சர், மீனவர், சலவைப் பெண்கள் என உழைத்துப் பிழைத்தவர்கள். மத்ஹபில் ஷாஃபிஈகள். மார்க்கப் பற்றுக்குக் குறைவில்லை. முறையாக ஓதிப் படித்தவர்கள்தாம் குறைவு. அதனால் பள்ளிவாசல்தோறும் ஒரு கட்சி, இமாம்தோறும் ஒரு வழக்கு என்றாகிவிட்டது. மஸ்அலாவில் தொடங்கிய சண்டை வெள்ளைக்காரனின் கோர்ட்டுப் படியேறியது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதிக்கோ ஷரீஅத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இந்த நிலையில், கேப் சட்டசபையின் உறுப்பினரும் முஸ்லிம்களின் நண்பருமான தெ ரூபே என்ற கிறிஸ்தவர் ஒரு வழி செய்தார். தக்க ஓர் ஆலிமை அனுப்பித் தருமாறு கலீஃபாவைக் கேட்கலாமே என்பது அந்த யோசனை. வேண்டுகோள் பிரிட்டிஷ் அரசின் வழியாக லண்டனில் இருந்த உதுமானியத் தூதர் முஸூரஸ் அவர்களிடம் சென்று, அங்கிருந்து இஸ்தான்பூல் சேர்ந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் ஸுல்தான் அப்துல் அஜீஸ். பொறுப்பு அபூபக்கர் எஃபந்தி அவர்களின் தலையில் இறங்கியது. வயதோ ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பேரன் பேத்திகளோடு ஓய்வாக இருக்கவேண்டிய பருவத்தில் அன்னார் மூட்டை கட்டினார்கள். தெ ரூபே பிற்காலத்தில் கேப் டவுனில் உதுமானியரின் கௌரவத் தூதராகவும் நியமிக்கப்பட்டார்.

ஸூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே 1862-இன் பிற்பகுதியில் புறப்பட்ட அவர்கள், தெற்கே போக வேண்டிய பயணத்தை மேற்கும் வடக்குமாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவைக் கடந்து இங்கிலாந்து சென்று, அங்கே கப்பலேறி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக இறங்கினார்கள். துணைக்கு வந்தவர் மாணவரும் உறவினருமான உமர் லுத்ஃபி ஒருவரே. இந்த இளைஞர் பின்னர் தம் பயணத்தையும் கேப் வாழ்வையும் துருக்கி மொழியில் ஒரு நூலாக எழுதினார். வாரக் கணக்கில் கடலைத் தவிர வேறெதுவும் காணாத அந்தப் பயணத்தில் கஸ்ரு என்ன, ஜம்உ என்ன, கிப்லா எந்தப் பக்கம் என்று கப்பல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிதாபில் படித்த முஸாஃபிருடைய பாபு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிடும்.

1863 ஜனவரியில், ஹிஜ்ரி 1279 ரஜபு மாதம், கேப் டவுனில் இறங்கினார்கள். அங்கே கால் வைத்ததும் ஓர் ஆலிமின் அன்றாடமே தலைகீழாவதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அர்ஸுரூமிலும் இஸ்தான்பூலிலும் தெற்கு நோக்கித் தொழுதவர், கேப் டவுனில் வடக்கே, சற்றுக் கிழக்குச் சாய்ந்து நிற்க வேண்டும். லுஹர் நேரம் பார்க்கக் குச்சி நட்டால், வடக்கே விழுந்து பழகிய நண்பகல் நிழல் இங்கே தெற்கே விழுகிறது. அவர்கள் விட்டுவந்தது பனிக்காலம். வந்து சேர்ந்ததோ கடுங்கோடை. ஒரு மாதம் சென்று பிப்ரவரியில் ரமலான் பிறந்தது. ஊரில் இருந்திருந்தால் பனிக்காலத்துக் குறும்பகல் நோன்பு. இங்கேயோ நீண்ட பகல். புதிய ஊரில் முதல் நோன்பே இப்படி!

ஆனால் அவர்கள் இளைப்பாறிக்கொண்டிருக்கவில்லை. வந்த சில வாரங்களுக்குள் நகரின் நடுவே ஒரு மதரஸாவைத் தொடங்கிவிட்டார்கள். ஏறத்தாழ 300 பேர் ஓத வந்து சேர்ந்தனர். அவர்களில் சிறுவரும் இருந்தனர், தாடி நரைத்தவர்களும் இருந்தனர். சம்பளம் உதுமானிய அரசிடமிருந்து வந்தது. இது சிறிய விஷயமல்ல. கேப்பின் இமாம்கள் ஜமாஅத்தார் கொடுப்பதைக் கொண்டே வாழ்ந்தவர்கள். ஜமாஅத்து பிரிந்தால் அவர்கள் வயிற்றுப்பாடும் பிரிந்தது. கட்சிகளுக்குக் காரணம் மஸ்அலா மட்டுமல்ல, இதுவுந்தான். நம் ஊர்களிலும் இது புரியாத கதையல்லவே! யாருடைய கையையும் எதிர்பாராத ஓர் உஸ்தாத் அங்கே வந்தது அதுவே முதல் தடவை எனலாம். அவர்கள் தலையில் வைத்திருந்த சிவப்புத் துருக்கித் தொப்பியும் மாணவர்களைப் பிடித்துக்கொண்டது. பனையோலைக் கூம்புத் தொப்பி அணிந்து வந்த கேப் முஸ்லிம்கள் துருக்கித் தொப்பிக்கு மாறியது எஃபந்தி அவர்களின் காலத்தில்தான் என்று சொல்வார்கள். நம் பாட்டனார்களின் தலையிலும் ஒரு காலத்தில் அதே குஞ்சத் தொப்பி இருந்ததை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

பெண்மக்களையும் அவர்கள் விட்டுவிடவில்லை. கேப்பில் செய்த முதல் திருமணம் நிலைக்கவில்லை. அடுத்து, ஆங்கிலேயத் தந்தைக்குப் பிறந்த தாஹிரா என்ற அம்மையாரை மணந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு மதரஸா ஏற்பட்டபோது அங்கே ஓதிக்கொடுக்கும் பொறுப்பு அந்த அம்மையாரிடமே இருந்தது. 1860-களில் இது என்பதை மறந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய இடைஞ்சல் மொழி. அன்னாருக்குக் குர்து மொழி, துருக்கி, அரபி, பார்ஸி எல்லாம் வரும். கேப் முஸ்லிம்களுக்கு இவற்றில் ஒன்றும் புரியாது. அவர்களுடைய முன்னோர் பேசிய மலாய் மொழியே அதற்குள் வழக்கொழிந்துகொண்டிருந்தது. எஜமானர்களின் டச்சு மொழி அடிமைகளின் வாயில் தேய்ந்து திரிந்து, இலக்கணம் உதிர்ந்து, மலாய்ச் சொற்கள் கலந்து உருவான ஒரு பேச்சைத்தான் அவர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசினர். படித்த வெள்ளையர் அதைச் சமையற்கட்டுப் பாஷை என்று இழித்தனர். அதுவே பிற்காலத்தில் ஆஃப்ரிகான்ஸ் என்று பெயர் பெற்று, 1925-இல் தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது.

ஐம்பது வயதில் எஃபந்தி அவர்கள் அந்தப் பேச்சைக் கற்றார்கள். தங்கள் துருக்கியைப் பிள்ளைகளின் மேல் ஏற்றவில்லை; தாங்கள் இறங்கி வந்தார்கள். கேப் மதரஸாக்களில் பிள்ளைகள் பாடங்களை அந்தப் பேச்சிலேயே, ஆனால் அரபு எழுத்தில், நோட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் முன்பே இருந்தது. அன்னார் அதைக் கைக்கொண்டு ஒழுங்குபடுத்தினார்கள். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டினார்கள். ஜபர், ஜேர், பேஷை விடாமல் இட்டு, உள்ளூரார் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே ஏட்டில் கொண்டுவந்தார்கள்.

இதைப் படிக்கும்போதே நம் வாசகர்களுக்கு அரபுத் தமிழ் நினைவுக்கு வந்திருக்கும். வரத்தான் வேண்டும்! எஃபந்தி அவர்கள் பிறந்ததற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1816-இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள், இதே காலத்தில் இதே வேலையைத்தான் நம் மொழியில் செய்துகொண்டிருந்தார்கள். ஃபத்ஹுத் தய்யான் என்னும் அவர்களுடைய ஃபிக்ஹு நூலை அரபு எழுத்தில் தமிழாக ஓதிய நம் பாட்டிமார்கள் எத்தனை பேர்! ஒருவரையொருவர் கண்டறியாத இரண்டு ஆலிம்கள், கடலின் இரு கரைகளில், சாமானிய மக்களுக்கு மஸ்அலா புரியவேண்டும் என்பதற்காக ஒரே வழியில் சென்றிருக்கிறார்கள்.

எஃபந்தி அவர்களின் நூலுக்கு பயானுத் தீன் என்று பெயர். 1869-இல் எழுதி முடிக்கப்பட்டது. சுத்தம், தொழுகை, ஜகாத்து, நோன்பு, அறுத்தல், உண்பவற்றிலும் குடிப்பவற்றிலும் ஆகுமானது ஆகாதது என்று அன்றாடம் வேண்டிய பாடங்கள் அதில் வருகின்றன. அரபு வாசகமும் அதற்குக் கேப் மொழியில் விளக்கமுமாக நூல் செல்கிறது. கையெழுத்துப் பிரதியாக நின்றுவிடாமல் 1877-இல் இஸ்தான்பூலில் அரசாங்கச் செலவில் 354 பக்கங்களில் அச்சாகி வந்தது. அதை அச்சுக்கோத்த துருக்கியருக்கு அதன் மொழியில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. வெள்ளையர்கள் அந்த மொழிக்கென்று முதன்முதலாக ஒரு சங்கம் கண்டதே 1875-இல்தான். எஃபந்தி அவர்கள் நூலை எழுதி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு.

இதுவரை சொன்னது வெற்றி. இனிச் சொல்லப்போவதும் சொல்லியே ஆகவேண்டியது. பெரியார்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மகிழ்ச்சியானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப்போவது நமக்கு உடன்பாடானதன்று.

எஃபந்தி அவர்கள் அனுப்பப்பட்டது சண்டையைத் தீர்ப்பதற்கு. ஷாஃபிஈகள் நடுவே போய் உட்கார்ந்து அவர்கள் ஓதிக்கொடுத்ததோ ஹனஃபி ஃபிக்ஹு. பயானுத் தீனும் ஹனஃபி நூலே. இமாம் இப்ராஹீம் ஹலபி (ரஹ்) அவர்களின் முல்தகல் அப்ஹுர் என்ற கிதாபு உதுமானியர் ஆட்சியில் காழிகளின் கையேடாக விளங்கியது. எஃபந்தி அவர்களும் பெரிதும் அதையே தழுவிச் சென்றிருக்கிறார்கள். தொழுகையின் ஃபர்ளு, வாஜிபு பற்றிய வேறுபாடுகள் ஓரளவு அமைதியாகப் போயிருக்கலாம். ஆனால் விவகாரம் சோற்றுத் தட்டுக்கு வந்தது.

கேப் டவுன் கடலோர ஊர். அங்கே பாறைகளுக்கிடையில் சிங்கி இறால் ஏராளம். ஏழை எளியவர்களின் உணவு அது. ஷாஃபிஈ மத்ஹபில் கடலில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை ஆகுமானவை. துவான் குருவின் காலத்திலிருந்து யாரும் அதைத் தடுத்ததில்லை. ஹனஃபி மத்ஹபிலோ கடல்வாழ் உயிர்களில் மீன் இனம் மட்டுமே ஆகும். எஃபந்தி அவர்கள் தம் மத்ஹபின்படி சிங்கி இறால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரே இரண்டுபட்டது! பாட்டன் பூட்டன் தின்றதெல்லாம் ஹராமா என்று ஒரு கூட்டம் கொதித்தது. உஸ்தாத் சொன்னதே சட்டம் என்று மாணவர் கூட்டம் நின்றது. நகரத்தின் பெரும்பாலான இமாம்கள் அன்னாரை விட்டு விலகிக்கொண்டனர்.

நம் தமிழகத்தில் இரண்டு மத்ஹபினரும் அண்ணன் தம்பிகளாக வாழ்கிறோம். காயலிலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈகள். உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபிகள். ஒரு வீட்டில் பெண்ணெடுத்து மறு வீட்டில் நண்டுக் குழம்பைப் பார்த்ததும் மாப்பிள்ளை தட்டைத் தள்ளுவதும், மாமியார் சிரித்துக்கொண்டே மீனை எடுத்து வைப்பதும் நாம் காணாததல்ல. சிறிய இறாலை மீன் என்பதா அல்லவா என்பதில் ஹனஃபி உலமாக்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஆகவே எஃபந்தி அவர்கள் சொன்ன மஸ்அலா தவறு என்று நாம் சொல்லவில்லை. ஹனஃபி கிதாபுகளை ஓதிய எவரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கேட்டவர் யார் என்பதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது நம் தாழ்மையான கருத்து. ஃபத்வா கேட்க வந்தவர் ஷாஃபிஈயாக இருந்தால் அவருடைய மத்ஹபுப்படி விடை சொல்வதும், அது தமக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புவதும் நம் முன்னோர்களின் நடைமுறை. குர்து மண்ணில் ஷாஃபிஈகளின் நடுவே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அந்த மத்ஹபு அந்நியமாக இருந்திருக்காது. அப்படியிருந்தும், அரசாங்கத்தின் ஆலிமாகச் சென்றவர் அரசாங்கத்தின் மத்ஹபையே நிலைநாட்டினார்கள். மக்களின் மொழியைக் கற்பதற்கு அத்தனை பாடுபட்டவர், மக்களின் மத்ஹபுக்கு அதே இடத்தைக் கொடுத்திருந்தால் கேப்பின் வரலாறு வேறு விதமாகப் போயிருக்கும்.

அன்னாரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தாம் ஓதியதைத்தானே ஓர் உஸ்தாத் ஓதிக்கொடுப்பார்? ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கலந்தாலோசிக்க ஒரு சக ஆலிம் இல்லாமல், ஒரு கடிதத்திற்குப் பதில் வர மாதங்கள் ஆகும் இடத்தில் அவர்கள் தனியாக நின்றார்கள். எதிர்ப்பு வந்ததும் ஊருக்குத் திரும்பிவிட வழி இருந்தது. உடன் வந்த உமர் லுத்ஃபி சில ஆண்டுகளில் திரும்பிவிட்டார். எஃபந்தி அவர்கள் திரும்பவில்லை. பதினேழு ஆண்டுகள் அங்கேயே இருந்து, மதரஸாவை மூடாமல் நடத்தினார்கள். ஸுல்தானின் உதவி மற்ற ஊர்களுக்கும் சென்றது. போர்ட் எலிசபெத் நகரில் கட்டப்பட்ட பள்ளிவாசலுக்கு மஸ்ஜிதுல் அஜீஸ் என்று பெயர் விளங்குவது ஸுல்தான் அப்துல் அஜீஸின் நினைவாகவே.

1880 ஜூன் 29-இல், ஹிஜ்ரி 1297 ரஜபு மாதத்தில், அன்னார் கேப் டவுனிலேயே வஃபாத்தானார்கள். அவர்களிடம் ஓதியவர்கள் சிறுபான்மையாக ஹனஃபி மத்ஹபில் நிலைத்தனர். 1884-இல் அவர்களுக்கென்று நூருல் ஹமீதிய்யா என்ற பள்ளிவாசலும் எழுந்தது. மூத்த புதல்வர் அஹ்மத் அதாஉல்லாஹ் கிம்பர்லி நகரில் உதுமானிய மதரஸாவை நடத்தினார். கேப் சட்டசபைத் தேர்தலில் நிற்கவும் துணிந்தார். ஒரு வாக்காளர் தமக்குள்ள எல்லா ஓட்டுகளையும் ஒரே வேட்பாளருக்குப் போடலாம் என்று அதுவரை இருந்த முறை 1893-இல் மாற்றப்பட்டது. அது இருந்தால் முஸ்லிம்கள் ஒன்றுகூடி இவரை வெற்றிபெறச் செய்துவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். தேர்தலில் தோற்ற அவர் பின்னர் சிங்கப்பூரில் உதுமானியத் தூதராக இருந்து 1903-இல் அங்கேயே காலமானார். இன்னொரு புதல்வர் ஹிஷாம் நிஃமதுல்லாஹ் தந்தையின் வழியில் அதே கேப் மொழியில், அரபு எழுத்தில் நூல் எழுதினார்.

பயானுத் தீன் பல ஆண்டுகள் வெளியுலகின் கண்ணில் படாமல் கிடந்தது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் ஸெமிட்டிக் மொழிகளின் பேராசிரியராக இருந்த வான் ஸெல்ம்ஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதை எழுத்தெழுத்தாகப் படித்து, ரோம எழுத்துக்கு மாற்றி 1979-இல் வெளியிட்டார். ஆஃப்ரிகான்ஸ் மொழி தன் தொடக்க காலத்தில் எப்படி ஒலித்தது என்று ஆராய்கிறவர்கள் இன்று அந்த ஹனஃபி ஃபிக்ஹு நூலின் ஜபர், ஜேர் குறிகளைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள். மொழியறிஞர்களுக்குப் பயன்பட வேண்டுமென்று எஃபந்தி அவர்கள் அதை எழுதவில்லை. கொத்தனாரின் மகனுக்கு வுளுவின் ஃபர்ளு புரிய வேண்டுமென்று எழுதினார்கள்.

கேப் டவுனின் குன்றுச் சரிவில் தானா பாரு என்று ஒரு பழைய மையவாடி உண்டு. 1886 ஜனவரியில் அரசாங்கம் அதை மூடியபோது, மூவாயிரம் பேர் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு தடையை மீறிச் சென்று அங்கேயே அடக்கினர். ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் சேர்ந்து போராடியது அந்த மண்ணுக்காக. துவான் குரு (ரஹ்) அவர்களும் அபூபக்கர் எஃபந்தி (ரஹ்) அவர்களும் அடங்கியிருப்பது அங்கேதான்.